மானாவாரி வெள்ளாட்டு மந்தை: குட்டி பிறக்கும் மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இறைச்சிக்காக வெள்ளாடு வளர்க்கத் தொடங்குகிறவர்கள் கொட்டகையைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் சந்தை விலையைப் பற்றியும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். குட்டிகள் எந்த மாதம் பிறக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் நிலத்தில் தொழிலைத் தொடங்கியபோது, ஆனி மாதம் எட்டயபுரம் சந்தையில் கன்னி என்ற இனத்தைச் சேர்ந்த 22 ஆடுகளையும் இனச்சேர்க்கைக்கான ஒரு பொலிகிடாவையும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பட்டியில் விட்டேன். அடுத்த சில வாரங்களில் பெரும்பாலான ஆடுகள் சினை பிடித்தன. எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஐந்து மாதம் கழித்து, கார்த்திகை அடைமழைக்கு நடுவில் 29 குட்டிகள் பிறந்தன. அவற்றில் 11 குட்டிகள் ஒரு மாதத்துக்குள் இறந்தன. குளிரும் ஈரமும் சளிக்காய்ச்சலும் கழிச்சலும்தான் காரணங்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். உண்மையில் தவறு ஆனி மாதமே நடந்துவிட்டது.

அந்த இழப்பு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இதில் உள்ள தேதிகள் விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களைப் போல வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கும் மேய்ச்சல் மந்தைக்கு உரியவை. கொங்குப் பகுதியிலோ வட மாவட்டங்களிலோ இருப்பவர்கள் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கணக்கிடும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கள் ஊர் மழைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

1. உங்கள் ஊரின் மழையையும் மேய்ச்சலையும் மாதவாரியாக எழுதுங்கள்

ஒரு நோட்டில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு வரிகள் எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே மூன்று செய்திகளைக் குறியுங்கள்: மழை உண்டா, மேய்க்க இடம் உண்டா, மேய்ச்சலில் என்ன கிடைக்கும். இந்த மூன்றில் புதியவர்கள் தவறவிடுவது இரண்டாவது. மழை பெய்தால் பச்சை இருக்கும், பச்சை இருந்தால் ஆட்டுக்குத் தீவனம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் எங்கள் பகுதியில் புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசியும் சோளமும் பருத்தியும் விதைத்துவிட்டால் தை வரை காடு முழுவதும் வெள்ளாமை நிற்கும். ஆட்டை ஓட்டிச் செல்லத் தரிசும் கண்மாய்க்கரையும் ஓடையோரமும்தான் மிஞ்சும். தை கடைசியில் அறுவடை முடியத் தொடங்கிய பிறகே புஞ்சைகள் திறந்துவிடப்படும். மாசியிலும் பங்குனியிலும் அறுத்த தாளும் உதிர்ந்த பயறும் கொடியும் தாராளமாகக் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் தரையில் புல் இருக்காது. கருவேல நெற்றும் குடைவேல நெற்றும் உதிரும். ஆடி, ஆவணியில் காற்று மட்டும் அடிக்கும். ஆடுகள் ஆண்டிலேயே மிகவும் மெலிந்திருப்பது அப்போதுதான்.

இப்படி எழுதிவிட்டு, பால் கொடுக்கும் தாய் ஆட்டுக்கு எந்த இரண்டு மாதங்களில் மிக அதிகமான மேய்ச்சல் கிடைக்கும் என்று பாருங்கள். எங்களுக்கு அது மாசியும் பங்குனியும். அந்த மாதங்களில் குட்டி தாயின் மடியில் இருக்க வேண்டும் என்றால் தை நடுவிலிருந்து மாசி முடிவுக்குள் பிறந்திருக்க வேண்டும். அப்போது அடைமழை ஓய்ந்திருக்கும், கோடை வெயில் தொடங்கியிருக்காது. சினையின் கடைசி மாதங்கள் கார்த்திகை, மார்கழியில் வருவதால் தாய்க்கு வயிறு நிறையப் பச்சையும் கிடைத்திருக்கும்.

2. விற்கும் நாளோடு ஒத்துப் பாருங்கள்

மழைக் கணக்கு சரியாக இருந்து சந்தைக் கணக்கு பிசகினாலும் நட்டம்தான். தை, மாசியில் பிறந்த கிடாக்குட்டி ஐப்பசியில் எட்டு, ஒன்பது மாதக் குட்டியாக இருக்கும். தீபாவளிச் சந்தைக்கு அது பொருத்தமான வயது. ஆனால் 2025-இல் அக்டோபர் 20 அன்று வந்த தீபாவளி 2026-இல் நவம்பர் 8 அன்று வருகிறது. ஆகவே எடையைக் கணக்கிடும்போது ஆண்டுதோறும் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

பக்ரீத்துக்கு விற்க நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். குர்பானிக்குக் கொடுக்கும் வெள்ளாடு ஒரு வயது நிறைந்ததாகவும் ஊனம் இல்லாததாகவும் இருக்க வேண்டும். காது கிழிந்ததையும் கொம்பு அடியோடு முறிந்ததையும் வாங்கத் தயங்குவார்கள். பக்ரீத் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னால் நகரும். 2025-இல் அது ஜூன் 7 அன்று வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மே மாதத்துக்குள் வந்துவிடுகிறது. மே மாதப் பக்ரீத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டு தை, மாசியில் பிறந்த கிடாக்கள் 15 மாத வயதோடு தயாராக இருக்கும். ஆவணியில் பிறந்தவை வயது போதாமல் நின்றுவிடும்.

புரட்டாசியில் விற்கும்படி திட்டமிடாதீர்கள். பல வீடுகளில் அந்த மாதம் கறி எடுப்பதில்லை. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களாலும் வியாபாரம் தளரும். ஆடிக் கொடையும் தை மாதக் கரிநாளும் நல்ல விலை கிடைக்கும் நாட்கள்.

3. அங்கிருந்து 150 நாட்கள் பின்னோக்கி எண்ணுங்கள்

வெள்ளாட்டின் சினைக்காலம் சராசரியாக 150 நாட்கள். நான்கைந்து நாட்கள் முன்பின்னாக இருக்கலாம். சினை பிடிக்காத ஆடு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். எனவே கிடாவை 45 நாட்கள் மந்தையில் வைத்தால் ஒவ்வோர் ஆட்டுக்கும் இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன.

எங்கள் கணக்கு இதுதான்: செப்டம்பர் 1 அன்று கிடாவைச் சேர்க்கிறோம், அக்டோபர் 15 அன்று பிரிக்கிறோம். முதல் குட்டி ஜனவரி 29 வாக்கிலும் கடைசிக் குட்டி மார்ச் 14 வாக்கிலும் பிறக்கின்றன. தமிழ் மாதத்தில் சொன்னால், ஆவணி நடுவில் கிடா சேர்ந்தால் தை நடுவில் குட்டி.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. குட்டி பிறக்க மிக நல்ல மாதத்தைத் தேர்ந்தெடுத்தால், இணை சேரும் மாதம் ஆடுகள் மிகவும் மெலிந்திருக்கும் ஆவணியில் போய் விழுகிறது. மெலிந்த ஆடு பருவத்துக்கு வராது. வந்தாலும் இரட்டைக்குட்டி போட வேண்டிய கன்னி ஆடு ஒற்றைக்குட்டியோடு நின்றுவிடும். இந்தக் குறையைத் தீவனம் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கான செலவை ஐந்தாம் படியில் எழுதியிருக்கிறேன்.

4. கிடாவை உண்மையாகவே பிரித்து வையுங்கள்

மொத்தத் திட்டமும் இந்த ஒரு படியில்தான் நிற்கிறது. ஓர் இரவு கதவு திறந்திருந்தால் போதும், நான்கு ஆடுகள் உங்கள் கணக்குக்கு வெளியே போய்விடும். பொலிகிடாவுக்குத் தனிப்பட்டியும் தனி மேய்ச்சலும் வேண்டும். நாலரை அடிக்குக் குறைந்த வேலியை அது தாண்டிவிடும். மேய்ச்சலில் அடுத்தவர் மந்தையோடு கலக்க வேண்டியிருந்தால், அவர்களுடைய கிடாவின் வயிற்றுக்கடியில் சாக்குத்துணி கட்டச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதை மனத்தில் வையுங்கள்.

புதியவர்கள் மறந்துவிடுவது கிடாக்குட்டிகளை. நான்கு மாதத்தில் அவையும் ஆடுகளைச் சினைப்படுத்தக்கூடும். மூன்றாம் மாதம் பால் மறக்கடிக்கும்போதே கிடாக்குட்டிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், அல்லது கால்நடை மருந்தகத்தில் காயடித்துவிடுங்கள். பக்ரீத்துக்கு வளர்ப்பவற்றைக் காயடிப்பதா வேண்டாமா என்பதை மட்டும், வாங்குகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பிரித்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சில வாரங்கள் கிடாவின் வாடையே படாமல் இருந்த ஆடுகள், கிடா திடீரென்று உள்ளே வந்ததும் அடுத்தடுத்த நாட்களில் கூட்டமாகப் பருவத்துக்கு வரும். குட்டிகளும் நெருக்கமாகப் பிறக்கும், எடையும் ஒன்றுபோல இருக்கும், வியாபாரிக்கு ஒரே ஈடாகக் கொடுக்க முடியும்.

5. ஆடி, ஆவணியில் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

கிடாவுக்கு ஆடி முதல் தேதியிலிருந்தே தீவனம் கூட்டுங்கள். விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏழெட்டு வாரங்கள் ஆகும். அந்தக் காலத்தில் கிடாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் ஆவணியில் அதை நம்பக்கூடாது. வயது வந்த கிடா ஒன்று 25 ஆடுகள் வரை போதும். பட்டியிலேயே பிறந்த கிடாவை வைத்து அதன் தாயையும் உடன்பிறந்தவற்றையும் சினைப்படுத்தாதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றிவிடுங்கள். நல்ல கிடா வேண்டுமென்றால் ஆவணியில் போய்த் தேடக்கூடாது. சித்திரையிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

குடற்புழு நீக்கத்தைக் கிடா சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மழைக்கு முன் மருந்து ஊற்றும் வழக்கம் புரட்டாசியில்தான் இருக்கிறது; அப்போது நம் ஆடுகள் புதுச்சினையாக இருக்கும். சினையின் முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் கொடுத்தால் கருவுக்குக் கேடு வரும். மருந்துக்கடையில் கேட்காமலே அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று மருத்துவரிடம் சொல்லி மருந்தை எழுதி வாங்குங்கள். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிகளையும் இதே ஆடி, ஆவணியில் முடித்துக்கொள்வது நல்லது. முகாம் தேதியை அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அடுத்தது தீவனம். கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 250 கிராம் கலப்புத் தீவனம் கொடுக்க வேண்டும். இப்போது என்னிடம் உள்ள 25 ஆடுகளுக்கு 21 நாட்களில் ஏறக்குறைய 131 கிலோ ஆகிறது. கிலோ 32 ரூபாய்க்கு வாங்கியதால் 4,200 ரூபாய் செலவானது. முதல் நாளே 250 கிராம் வைத்துவிடாதீர்கள், வயிறு உப்பிவிடும். 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள். சித்திரையில் கருவேல நெற்றையும் மாசியில் உளுந்தம் பொட்டையும் மூட்டை கட்டி வைத்திருந்தால் இந்தச் செலவு இன்னும் குறையும்.

முதல் சினைக்கு நிற்கும் குட்டிகளை வயதை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டாதது அடுத்த ஆண்டு வரை காத்திருக்கட்டும்.

6. அந்த 45 நாட்களில் என்ன எழுதி வைக்க வேண்டும்

காவி மண்ணை விளக்கெண்ணெயில் கெட்டியாகக் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூசிவிடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாகப் பூசினால் போதும். கிடா ஏறிய ஆட்டின் முதுகின் பின்பகுதியில் சிவப்பாகத் தடம் விழும். காலையில் பட்டியைத் திறக்கும்போது தடம் விழுந்த ஆட்டின் காதுவில்லை எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். இருபதாம் நாள் காவியை மாற்றி நீலப்பொடியைக் குழைத்துப் பூசுங்கள். சிவப்பு மட்டும் உள்ள ஆடு பெரும்பாலும் முதல் முறையிலேயே சினை. சிவப்பின் மேல் நீலமும் விழுந்தால் இரண்டாம் முறை பருவத்துக்கு வந்திருக்கிறது என்று பொருள். ஆடு ஆடாக நீலம் விழுந்துகொண்டே இருந்தால் குறை கிடாவிடம் இருக்கிறது. மாற்றுக் கிடாவை உடனே கொண்டு வர வேண்டும். நான் இந்த முறையைச் செய்து பார்த்த ஆண்டில் ஒன்பது ஆடுகளுக்கு நீலத் தடம் விழுந்த பிறகுதான் கிடாவுக்குக் குளம்பில் புண் இருப்பதையே கவனித்தேன்.

அக்டோபர் 15 அன்று கிடாவை வெளியே எடுத்துவிடுங்கள். "இன்னும் இரண்டு ஆடு நிற்கவில்லையே, பத்து நாள் விட்டுப் பார்ப்போம்" என்று தோன்றும். விட்டால் அந்த இரண்டு ஆடுகளின் குட்டிகள் பங்குனி வெயிலில் பிறக்கும். கோடை முழுவதும் அவற்றுக்குத் தனியாகத் தீவனம் தேட வேண்டியிருக்கும்.

7. ஆவணங்களும் காப்பீடும் கடனும்

காப்பீட்டை மழை தொடங்கும் முன், புரட்டாசிக்குள் எடுத்துவிட வேண்டும். காரணம், பொதுவாகப் பாலிசி தொடங்கி முதல் 15 நாட்களுக்குள் நோயால் இறந்தால் இழப்பீடு கிடையாது. ஐப்பசியில் மழையைப் பார்த்துவிட்டு ஓடினால் பயன் இல்லை. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024-இல் செய்த மாற்றத்தின்படி பிரீமியத்தில் பயனாளி கட்ட வேண்டிய பங்கு 15 விழுக்காடு, மீதி மானியம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை ஆடுகள் என்று ஒதுக்கீடு உண்டு, முந்துகிறவர்களுக்கே கிடைக்கும். ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல், காதுவில்லை தெரியும்படி நீங்களும் ஆடும் சேர்ந்து நிற்கும் படம், கால்நடை உதவி மருத்துவர் தரும் உடல்நல மற்றும் மதிப்புச் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.

காதுவில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. காப்பீடு செய்திருந்த ஆடு ஒன்று இறந்தது. அதன் வில்லை ஒரு மாதத்துக்கு முன்பே முள்ளில் மாட்டி அறுந்து விழுந்திருந்தது. பிரேதப் பரிசோதனைச் சான்று இருந்தும் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். வில்லை விழுந்தால் அன்றைக்கே எழுத்துமூலம் தெரிவித்துப் புது எண் போட்டுக்கொள்ளுங்கள். ஆடு இறந்தால் அடக்கம் செய்வதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் சொல்லிவிட்டு, வில்லையோடு காதைப் பத்திரப்படுத்துங்கள்.

தீவனச் செலவுக்குக் கடன் வேண்டும் என்றால் கால்நடை வளர்ப்போருக்கான கிசான் கடன் அட்டை இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கொடுக்கலாம். ஆதார், சிட்டா அல்லது குத்தகை ஒப்பந்தம், மந்தை எண்ணிக்கைக்கு மருத்துவர் சான்று ஆகியவற்றோடு வைகாசியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். நான் ஆடியில் விண்ணப்பித்தேன். பணம் ஐப்பசியில் வந்தது. ஆவணித் தீவனத்தைக் கைக்கடன் வாங்கித்தான் வாங்கினேன்.

8. கடைசி ஆறு வாரமும் குட்டி விழும் நாட்களும்

வயிற்றுக்குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கிறது. மார்கழி தொடக்கத்திலிருந்து மறுபடியும் ஆட்டுக்கு 250 கிராம். 25 ஆடுகளுக்கு 42 நாட்களில் 262 கிலோவுக்கு மேல், ஏறக்குறைய 8,400 ரூபாய். ஆவணிச் செலவையும் சேர்த்தால் 12,600 ரூபாய். என் முதல் ஆண்டில் இறந்த 11 குட்டிகளை மூன்று மாத வயதில் குட்டிக்கு 3,500 ரூபாய் என்று வைத்தாலும் 38,500 ரூபாய் ஆகிறது. குட்டி விழுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பு துள்ளுமாரிக்கு ஊக்கத் தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும். நோட்டில் தேதி இருந்தால்தான் இந்த நாளைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியும்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மழை இல்லை என்பதற்காகக் குட்டிகளைத் திறந்த பட்டியில் விடாதீர்கள். தரையில் காய்ந்த உளுந்தம் பொட்டைப் பரப்பி, இரவில் குட்டிகளைக் குடாப்பு என்ற கூடைக் கூண்டுக்குள் அடைத்து, வடக்குப் பக்கம் சாக்குப்படுதா கட்டுங்கள். பிறந்த அரை மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். தொப்புளுக்கு டிங்சர் அயோடின் வைக்க வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். துவண்டு கிடக்கும் குட்டியின் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். வாய்க்குள் வெதுவெதுப்பாக இருந்தால் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம். வாய் சில்லிட்டிருந்தால் பால் ஊற்றக்கூடாது. அது விழுங்காது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் துடைத்து, கோணியில் சுற்றி, வெந்நீர்ப் புட்டிகளை இரு பக்கமும் வைத்துச் சூடேற்றுங்கள். வாய்க்குள் சூடு திரும்பிய பிறகு பால் கொடுங்கள். நான் அன்று மூன்று குட்டிகளுக்குச் சங்கில் பால் ஊற்றினேன். மூன்றும் விடியுமுன் இறந்தன. இரவில் உதவி தேவைப்படும் என்பதால் மருத்துவரின் எண்ணையும், கால்நடை அவசர ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் பட்டிக்கூரையிலேயே எழுதி வையுங்கள்.

9. ஆண்டுக்கு ஒரு ஈத்தா, இரண்டு ஆண்டுக்கு மூன்றா?

பயிற்சி வகுப்புகளிலும் விளம்பரங்களிலும் எட்டு மாதத்துக்கு ஒருமுறை குட்டி என்று சொல்வார்கள். அதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஜனவரி கடைசியில் பிறந்தால் அடுத்தது செப்டம்பர் கடைசி, அதற்கடுத்தது மே கடைசி. செப்டம்பர் குட்டிகள் இரண்டு மாதம்கூட நிறையாமல் அடைமழையில் சிக்கும். மே குட்டிகளுக்குத் தாய் மடியில் பாலே இருக்காது. கிணற்றுப் பாசனத்தில் கோ எஃப்.எஸ். 29 சோளம், வேலிமசால், அகத்தி ஆகிய தீவனப் பயிர்களை வைத்து, மழை புகாத பரண் கொட்டகையும் போட்டிருப்பவர்களுக்கு அந்த முறை பொருந்தும். மேய்ச்சலை மட்டும் நம்பியிருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு ஈத்தை ஒழுங்காகக் காப்பாற்றுவதே மேல் என்பது என் முடிவு.

10. ஏற்கெனவே கண்டபடி குட்டி போடும் மந்தையை எப்படி வழிக்குக் கொண்டு வருவது

இன்றைக்கே கிடாவைப் பிரியுங்கள். இப்போது சினையாக உள்ளவை எந்த மாதம் குட்டி போட்டாலும் போடட்டும். அவற்றுக்கு மழையிலும் வெயிலிலும் தனிக் கவனிப்பு கொடுங்கள். வருகிற ஆவணி நடுவில், அதற்குள் குட்டி போட்டு இரண்டரை மாதம் கடந்த ஆடுகளையும் சினையில்லாத ஆடுகளையும் மட்டும் கிடாவோடு சேருங்கள். மிஞ்சியவை அதற்கடுத்த ஆவணியில் சேரும். ஆகவே மந்தை முழுவதும் ஒரே பருவத்துக்கு வர ஒன்றரை ஆண்டு ஆகலாம். இடையில் விற்க ஒன்றுமில்லாத மாதங்கள் சில வரும். வீட்டுச் செலவுக்கு நான்கைந்து கிடாக்குட்டிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தைத் தொடங்குங்கள்.

இரண்டு ஆவணிகளில் கிடாவோடு விட்டும் சினை நிற்காத ஆட்டை, புரட்டாசி கழிந்து விலை ஏறியதும் தீபாவளிச் சந்தையில் கொடுத்துவிடுங்கள்.